குரங்குக் குல்லாவும் மூணு ஹெச்.பி. மோட்டாரும்

அறுபத்தேழு வயசுல ஒரு மனுஷன் மலை ஏறணும்னு முடிவு பண்ணினா அதுக்கு ரெண்டே காரணம்தான் இருக்கும். ஒண்ணு பக்தி. இன்னொண்ணு பக்கத்து வீட்டுக்காரன். எனக்கு ரெண்டாவது.

எங்க ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம். தோசைக்கல்லு மாதிரி பூமி. ஒரு இடத்துல கோலிக்குண்டை வெச்சா அது அங்கேயே கிடக்கும், பேரன் பேத்தி எடுக்கும், உருளாது. எங்க ஊர்ல உயரம்னா வைக்கோல்போர். அதைவிட உயரம்னா காவிரிக்கரை. அதுக்கும் மேலன்னா தஞ்சாவூர் பெரிய கோயில் கோபுரம். அப்புறம் ஆகாயம்தான். நடுவுல வேற ஒண்ணும் கிடையாது.

இப்படி இருக்கிற ஊர்ல, பக்கத்து வீட்டு அரசப்பன் கோயமுத்தூர் போய் மலையைப் பார்த்துட்டு வந்துட்டான். வந்தவன் வீட்டுக்குள்ள போகல. நேரா ஹாஜா மைதீன் பாயோட டீக்கடை பெஞ்சுல வந்து உட்கார்ந்தான். அது நான் உட்கார்ற பெஞ்சு. என்னைப் பார்த்தே ஆரம்பிச்சான்.

"மேகம் இருக்கே ஐயாவு, அது நம்ம காலுக்குக் கீழ மேயுது. ஆட்டு மந்தை மாதிரி. நாம மேல நின்னு பார்க்கிறோம்."

"அப்புறம்?" என்றார் பாய். டீ ஆத்துற கை அந்தரத்துல நிக்குது.

"ரயிலுக்குப் பல்லு இருக்கு பாய். தண்டவாளத்தைக் கடிச்சுக் கடிச்சு மேல ஏறுது."

கடை மொத்தமும் வாயைப் பிளந்துட்டு உட்கார்ந்திருந்துச்சு. அந்தக் கடையில கதை சொல்றது நான்தான். இத்தனை வருஷமா நான்தான். கொள்ளிடம் வெள்ளத்துல நான் நீந்தி வந்த கதையைக் கேட்டுட்டு, டீ ஆறிப்போனவங்க எத்தனையோ பேர். அன்னிக்கு நான் தொண்டையைச் செருமிக்கிட்டு, "வெள்ளம் வந்தப்ப நான்..." என்று ஆரம்பிச்சேன்.

"கொஞ்சம் இருங்கண்ணே," என்றார் பாய். "ரயிலு குகைக்குள்ள போயிருக்கு. வெளிய வரட்டும்."

அந்த நிமிஷம் முடிவு பண்ணினேன். நானும் மலைக்குப் போறேன். அரசப்பன் பார்த்ததைவிடப் பெரிய மலையாப் பார்த்துட்டு வர்றேன். முக்கியமா, தனியாப் போறேன்.

ஏன் தனியா? அதுக்கு என் சம்சாரம் காமுவைப் பத்திச் சொல்லணும். தங்கமானவ. ஆனா ஞாபகசக்தி ஜாஸ்தி. நான் ஒரு கதையை நல்லா வளர்த்துக் கொண்டுபோய் ஒரு உயரத்துல நிறுத்தியிருப்பேன். அந்தப் பக்கமா வருவா. "அப்படி இல்லீங்க," என்பா. அவ்வளவுதான். கொள்ளிடம் கதையையே எடுத்துக்குங்களேன். "நீந்தல. கோரைப்புல்லைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. தண்ணி இடுப்பளவு," என்று ஒரு நாள் கடை வாசல்ல நின்னு சொல்லிட்டா. அதுக்கப்புறம் அந்த வெள்ளத்துல யாருமே முழுகறதில்லை. கதைங்கிறது சாட்சி இல்லாத இடத்துலதான் வளரும். மலையில எனக்குச் சாட்சி வேண்டாம்.

தனியாப் போக ஒரு காரணம் வேணுமே. யோசிச்சேன். கோயமுத்தூர்ல என்ன இருக்கு? மோட்டார் இருக்கு. எங்க வீட்டுல என்ன இல்லை? மோட்டார் இல்லை.

காமுவுக்கு அவங்கப்பா சீதனமா ஒரு வயல் குடுத்தாரு. மேட்டு வயல். முழங்கால் உயரம்தான் மேடு, ஆனா வாய்க்கால் தண்ணிக்கு அது இமயமலை. ஏறாது. ஓரத்துல ஒரு கிணறு இருக்கு. அதுல மோட்டார் வெச்சா வாழை போடலாம்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கா. நானும் அன்னிலேர்ந்து ஒரே பதில்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். "காவிரித் தண்ணியில வளர்ந்தவன் கரண்டுத் தண்ணியில பயிர் வைக்கிறதா? மோட்டாரெல்லாம் கோயமுத்தூர்ப் பக்கத்து மேற்கத்திக்காரங்களுக்கு." அவளும் அதுல உளுந்தைத் தெளிச்சுட்டு வாயை மூடிக்கிட்டிருந்தா.

முறத்துல அந்த உளுந்தைத்தான் புடைச்சுக்கிட்டிருந்தா. பக்கத்துல போய் உட்கார்ந்தேன்.

"காமு, கோயமுத்தூர் வரைக்கும் போயிட்டு வரலாம்னு இருக்கேன்."

"எதுக்கு?"

"மோட்டார் பார்க்க."

முறம் நின்னு போச்சு. "யார் வயலுக்கு?"

"உன் மேட்டு வயலுக்குத்தான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தா. "காவிரித் தண்ணியில வளர்ந்தவரு?"

"காலம் மாறுதுல்ல."

"காலம் மாறும். நீங்க மாறினதில்லையே."

"அடுத்த மாசம் போறேன். நீ சிரமப்பட வேணாம். உனக்கு முழங்கால் வலி."

"முழங்கால் என்னோடதுதானே. அதை நான் கூட்டிக்கிட்டு வர்றேன். செம்மொழியைப் பார்த்தும் ரொம்ப நாளாச்சு."

செம்மொழி எங்க மக. கோயமுத்தூர்ல பீளமேட்டுப் பக்கம் குடியிருக்கா. மாப்பிள்ளை விஸ்வா மில்லு ஆபீஸ்ல வேலை. மகளைப் பார்க்க வராதேன்னு எப்படிச் சொல்றது? சரி, வரட்டும். அம்மாவும் மகளும் வீட்டுல உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்கட்டும். மோட்டார் கம்பெனிக்குப் போறேன்னு சொல்லிட்டு நான் மலைக்குப் போயிடறேன். திட்டத்துல ஒரு சின்ன வாய்க்கா வெட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

மறுநாளே தஞ்சாவூர் போய் ஒரு குரங்குக் குல்லா வாங்கினேன். அரக்குக் கலர், கம்பளி. அரசப்பன் குளிருக்குத் துண்டைத்தான் கட்டியிருந்தானாம். குல்லாவிலேயே அவனை முந்தியாச்சு. வீட்டுக்கு வந்து யாரும் தொடாத இடமாப் பார்த்து ஒளிச்சேன். நெல்லு மூட்டைக்குள்ள.

அந்த மூட்டையைத்தான் காமு மறுநாள் அரைக்க எடுத்துக்கிட்டுப் போனா.

சாயங்காலம் குல்லாவைத் தட்டி, உமியை ஊதி, என் முன்னாடி நீட்டினா. "மில்லுக்காரர் குடுத்தாரு. உங்க நெல்லுல இது விளைஞ்சிருக்காம்."

"அது... குல்லா."

"தெரியுது. மண்டை பூரா மூடி வாய்க்கு மட்டும் வழி விட்டிருக்கான். உங்களுக்குன்னே அளவெடுத்துப் பின்னின மாதிரி இருக்கு. மோட்டார் பார்க்கக் குல்லா எதுக்கு?"

"கம்பெனியில ஏசி போட்டிருப்பான் காமு."

"ஆமாமா. மோட்டாருக்குச் சளி பிடிச்சுக்குமே," என்று சொல்லிட்டு, அதை அழகா மடிச்சுத் தன் பையில வெச்சுக்கிட்டா. நம்பிட்டாள்னு நினைச்சேன். என் வாழ்க்கையில நான் அதிகமா நினைச்சது அதுதான்.

தஞ்சாவூர்ல ரயில் ஏறினோம். ஒரு பையில துணி, ஒரு பையில எங்க வயல் அரிசி. அந்த ஊர் அரிசி மாப்பிள்ளை வயித்துக்கு ஆகாதாம். அவர் அந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவர். அதை நான் சொல்லல. எனக்கு வேற வேலை இருந்துச்சு. ஜன்னலைவிட்டுத் தலையை எடுக்கல நான். ஈரோடு தாண்டியாச்சு, திருப்பூர் தாண்டியாச்சு. மேற்கே பார்த்தா ஒரே இருட்டு. கருமேகம் கரை கட்டி நிக்குது.

"அடடா, மழை வருது," என்றேன். "களத்துல நெல்லு காயப்போட்டவன் பாடு திண்டாட்டம்தான். இந்நேரம் அள்ளியிருக்கணும்."

எதிர் சீட்டுக்காரர் ஜன்னல்ல எட்டிப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. "மழை இல்லீங்க. அதுதாங்க மலை."

சொன்னா நம்ப மாட்டீங்க, எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. அம்புட்டும் மலையா? இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும், மேகம்னு நான் நினைச்சது பூராவும் எழுந்து நிக்கிற பூமி. கண்ணு இமைக்கக்கூட மனசு வரல. பக்கத்துல காமுவைப் பார்த்தேன். அவளும் அதையே பார்த்துக்கிட்டிருந்தா. கையில இருந்த முறுக்கு கையிலயே இருந்துச்சு.

மக வீட்டுல சாயங்காலம் காப்பி. மாப்பிள்ளை ரொம்ப உற்சாகமா இருந்தாரு.

"மாமா, நாளைக்குக் கார்ல மலைக்குப் போறோம். குன்னூர்ல மலை ரயில் ஏறி ஊட்டி. போட்டிங். டீ எஸ்டேட். அந்தக் குளிர்ல சுடச்சுட மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டா இருக்கே, சொர்க்கம் மாமா. நைட்டு அங்கேயே தங்கிட்டு, திரும்பும்போது நடுவுல ஒரு அருவி. நீங்களும் வந்துடுங்க."

நாக்கு நுனி வரைக்கும் "சரி"ன்னு வந்துருச்சு. அப்போ பார்த்தேன், காமு எதிர்ல உட்கார்ந்து காப்பி ஆத்திக்கிட்டிருக்கா. என்னையே பார்க்கிறா. இவளோட போனா சாட்சியோட போன மாதிரி. மேகம் எவ்வளவு கீழ மேஞ்சுதுன்னு முழம் போட்டுச் சொல்லுவா. வேண்டாம். இவங்க கிளம்பினப்புறம் நான் தனியா ஒரு பஸ் பிடிச்சா ஆச்சு.

"மலையாவது மண்ணாங்கட்டியாவது மாப்ளே," என்றேன், காலை ஆட்டிக்கிட்டு. "கல்லு மேல கல்லு. அதுல என்ன இருக்கு பார்க்க? நான் வந்தது மோட்டாருக்கு."

"அப்படியே அவங்கப்பா மாதிரி," என்றா காமு. "அந்த மாதிரி ஆசையெல்லாம் இவருக்கு என்னிக்குமே கிடையாது மாப்ளே."

எங்க பக்கத்துல மாப்பிள்ளை முன்னாடி சொன்ன சொல்லு ரிஜிஸ்தர் ஆபீஸ்ல பதிஞ்ச பத்திரம் மாதிரி. மாத்த முடியாது.

விடிஞ்சதும் மொட்டை மாடிக்குப் போனேன். ஐயோ, என்னன்னு சொல்றது. மாடிக் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மலை நிக்குது. வெயில் பட்டு நீலமும் பச்சையுமா. மடிப்பு மடிப்பா, வெளுத்துக் காயப்போட்ட புடவை மாதிரி. இதோ இருக்கு. கையை நீட்டினா கிடைக்கும். எங்க ஊர்ல வரப்புல நின்னு பார்த்தா அடுத்த ஊர்த் தென்னந்தோப்பு தெரியும். தெரிஞ்சா, ஒரு வெத்தலை போட்டுத் துப்பறதுக்குள்ள அங்க போயிடலாம். கண்ணுக்குத் தெரியற இடம் காலுக்கு எட்டற இடம். இதுதான் எங்க கணக்கு. பஸ் எதுக்கு? இவங்க எழுந்து பல்லு விளக்கறதுக்குள்ள ஒரு நடை போய் மலையைத் தொட்டுட்டு வந்துடலாம்னு கிளம்பினேன்.

நடந்தேன். ரோடு வந்துச்சு, தாண்டினேன். பாலம் வந்துச்சு, ஏறி இறங்கினேன். மலை அங்கேயே நின்னுச்சு. இன்னும் நடந்தேன். சட்டை நனைஞ்சு முதுகோட ஒட்டிருச்சு. மலை ஒரு எட்டு கூட எடுத்து வைக்கல. ஒரு சமயம் பார்த்தா பின்னாடி போன மாதிரி இருந்துச்சு. ஒரு பூக்கடை அம்மாகிட்ட நின்னு கேட்டேன்.

"அம்மா, மலைக்கு இன்னும் எவ்வளவு தூரம்?"

"எந்த மலைங்க?"

"அதோ, அதுதான்."

அந்தம்மா கட்டின பூவை மடியில வெச்சுட்டு என் காலைப் பார்த்தாங்க. வெறும் ரப்பர் செருப்பு. "நடந்துங்களா வந்தீங்க? ஏனுங்க, ரெண்டு பஸ்ஸு மாறிப் போகோணும். உங்களுக்கு எந்த ஊருங்க?"

"தஞ்சாவூர்ப் பக்கம்."

"அதானே பார்த்தேன்," என்றாங்க. என்ன பார்த்தாங்கன்னு நான் கேட்கல. ஆட்டோ பிடிச்சுத் திரும்பி வந்தேன்.

வாசல்ல கார் நிக்குது. காமு பட்டுப் பொடவை கட்டி, தலை நிறையப் பூ வெச்சு, முன்சீட்டுல உட்கார்ந்திருக்கா. பின்னாடி செம்மொழி.

"வாக்கிங்கா?" என்றா காமு. "மோட்டார் கம்பெனி அதுக்குள்ள திறந்துட்டானா?"

வேர்த்து நின்ன என்னைப் பார்த்து மாப்பிள்ளை பாவமா, "மாமா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, வர்றீங்களா?" என்று கேட்டாரு.

வாயைத் திறந்தேன்.

"கல்லு மேல கல்லுன்னு நேத்துதானே சொன்னாரு," என்றா காமு.

வாயை மூடினேன். பரவாயில்லை, இவங்க போகட்டும், ரெண்டு பஸ்தானே, மாறிப் போயிடலாம்னு நினைச்சு முடிக்கல, ஒரு தம்பி மோட்டார் சைக்கிள்ல வந்து இறங்கினாரு. கழுத்துல கம்பெனி அட்டை.

"ஐயாதானுங்களா தஞ்சாவூர்லேர்ந்து மோட்டார் பார்க்கவே வந்தவரு? நான் ஜாஃபர் சாதிக். மோட்டார் கம்பெனி இன்ஜினீயர். ரெண்டு நாளும் நான் ஐயா கூடவேதான் இருப்பேன்."

"ரெண்டு நாளுமா?"

"அம்மா போன்ல சொன்னாங்க. அரைகுறையாக் காட்டினா ஐயாவுக்குப் பிடிக்காதாமே."

காமு கண்ணாடியை ஏத்திக்கிட்டா. கார் மேற்குப் பக்கமாப் போச்சு. நான் மோட்டார் சைக்கிள்ல கிழக்குப் பக்கமாப் போனேன்.

அந்தத் தம்பி மேல எனக்கு வருத்தமில்லை. நல்ல பிள்ளை. ஆனா மோட்டார்னா அவருக்கு உசிர். முதல்ல மோட்டாரைக் காட்டினாரு. அப்புறம் அதைக் கழட்டினாரு. உள்ள இருக்கிற ஒவ்வொண்ணையும் என் கையில குடுத்து எடை பார்க்கச் சொன்னாரு. இது தண்ணியை இழுக்கிற பக்கம், இது தள்ளுற பக்கம், நடுவுல சுத்தறது இம்பெல்லர். திரும்ப மாட்டினாரு. "இப்ப ஐயா கழட்டுங்க," என்றாரு. கழட்டினேன். அதுக்கு நடுவுல ஒரு தடவை ஒண்ணுக்குப் போறேன்னு சொல்லி வாசல் கேட்டு வரைக்கும் போனேன். "இந்தப் பக்கம் வாங்கய்யா," என்று கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டிட்டு, வெளியே நின்னாரு. வந்ததும் கிணத்துக்குள்ள குழாய் அடியில மாட்டற ஃபுட்வால்வைப் பத்தி ஆரம்பிச்சாரு.

ஏசி கிடையாது.

மோட்டாரை ஓட்டிப் பார்க்கிற தொட்டி திறந்த வெளியில இருந்துச்சு. அங்கேர்ந்து பார்த்தா மலை முழுசாத் தெரிஞ்சுது. உச்சியில மேகம். நிஜமாவே மேயற மாதிரிதான் இருந்துச்சு. அந்த மேகத்துக்குள்ளதான் என் சம்சாரம் மிளகாய் பஜ்ஜி தின்னுக்கிட்டிருந்தா.

"ஐயா வயலுக்குத் தண்ணியை எவ்வளவு உயரம் தூக்கணும்?"

"கிணத்துலேர்ந்து எடுத்து முழங்கால் உயர மேட்டுல விடணும்."

தம்பி சிரிச்சாரு. சுவிட்சைப் போட்டாரு. குழாய்லேர்ந்து தண்ணி வாழைத்தண்டு பருமன்ல பீய்ச்சி அடிச்சுது. "இதெல்லாம் ஒரு உயரமாய்யா? இது மலை மேலேயே ஏத்தும்."

மோட்டார்கூட மலை ஏறும். நான் ஏற மாட்டேன்.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். அந்தத் தண்ணி விழுந்த வேகத்தைப் பார்த்தப்போ மனசு கொஞ்சம் துள்ளத்தான் செஞ்சுது. ரெண்டாம் நாள் கிளம்பறப்போ தம்பி, "எதை அனுப்பட்டும்?" என்று கேட்டாரு.

"வாங்கறேன்னு யார் சொன்னது?"

"அம்மா போன மாசமே சொல்லிட்டாங்களே. உளுந்துப் பணத்துல வாங்கறாங்களாம். ஐயா கையை நீட்டிக் காட்டினா போதும்னாங்க."

கையை நீட்டினேன். மூணு ஹெச்.பி.

சாயங்காலம் கார் வந்து நின்னுச்சு. காமு இறங்கினா. பட்டுப் பொடவை. மண்டையில என் அரக்குக் கலர் குல்லா. அதுக்கு மேல மல்லிகைப்பூ.

"அது என் குல்லா," என்றேன்.

"மலையில ஏசி ஜாஸ்திங்க," என்றா.

மக காப்பி எடுத்துக்கிட்டு வந்தா. "அப்பா, நீங்க வந்திருக்கலாம்ப்பா. மோட்டார்னு நீங்க சொன்ன அன்னிக்கே அம்மா போன் பண்ணி, மலை ரயிலுக்கு மூணு டிக்கெட் போதும், உங்கப்பா தனியாப் போகத்தான் ஆசைப்படுறார்னு சொல்லிட்டாங்க."

நான் காமுவைப் பார்த்தேன். அவ குல்லாவைக் கழட்டி உதறினா. ரெண்டு டீ இலை விழுந்துச்சு.

ஊர் திரும்பற ரயில்ல வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அந்த ரயிலு எப்படி காமு போச்சு?" சொன்னா. என்னமா சொன்னா தெரியுமா? வளைவுல திரும்பறப்போ தன் வால் பெட்டியைத் தானே பார்க்குமாம். குகைக்குள்ள நுழைஞ்சா பெட்டி பூரா ஓன்னு கத்துவாங்களாம், இவளும் கத்தினாளாம். ஒரு குரங்கு இவ குல்லாவையே பார்த்துட்டு, சொந்தக்காரன்னு நினைச்சு பக்கத்துல வந்து உட்கார்ந்துச்சாம். எதிர் சீட்டுக்காரங்க எல்லாம் செல்போனைக் கீழ வெச்சுட்டுக் கேட்டாங்க. நானும் கேட்டேன். ஒண்ணு விடாம மனசுக்குள்ள ஏத்திக்கிட்டேன். திருச்சி வர்றதுக்குள்ள மலை பூராவும் எனக்கு மனப்பாடம். பார்க்கலைன்னா என்ன, சொல்லத் தெரியாதா எனக்கு?

ஊருக்கு வந்தோம், பின்னாடியே லாரியில மோட்டாரும் வந்துச்சு, காமு ஆளை வெச்சுக் கிணத்துல மாட்டிட்டா. நான் அலுப்புல ஒரு நாள் படுத்துட்டேன். அதுதான் தப்பு. மறுநாள் குல்லாவைக் கையில பிடிச்சுக்கிட்டு பாய் கடைக்குப் போனேன். என் பெஞ்சு காலியா இருந்துச்சு. உட்கார்ந்தேன். குல்லாவைத் தொடை மேல வெச்சேன்.

"ரயிலு வளைவுல திரும்புது பாய். திரும்பறப்போ பார்த்தா, தன் வால் பெட்டியைத் தானே..."

"பார்க்குதாம்," என்றார் பாய். "அண்ணி நேத்தே சொல்லிட்டாங்கண்ணே. இங்க கடை வாசல்ல நின்னுதான். கூட்டத்துல ரெண்டு கிளாஸ் உடைஞ்சு போச்சு."

அரசப்பன் செல்போனை நீட்டினான். அதுல காமு. குல்லா. பக்கத்துல குரங்கு. ரெண்டு பேரும் கேமராவைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. "மலையை விடு ஐயாவு. அது எங்களுக்குத் தெரியும். நீ ரெண்டு நாள் மோட்டாரைக் கழட்டி மாட்டினியாமே. அதைச் சொல்லு. நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்."

என்ன செய்யறது? சொன்னேன். இழுக்கிற பக்கம், தள்ளுற பக்கம், நடுவுல இம்பெல்லர். சொல்லச் சொல்ல எனக்கே சூடு பிடிச்சுருச்சு. தண்ணி எப்படி வாழைத்தண்டு பருமன்ல பீய்ச்சி அடிச்சுதுன்னு கையை விரிச்சுக் காட்டறப்போதான் பார்த்தேன். கடை வாசல்ல காமு நிக்கிறா, இடுப்புல வாழைக்கன்னுக் கூடை. எவ்வளவு நேரமா நிக்கிறாளோ தெரியாது. நான் நிறுத்திட்டேன். "அப்படி இல்லீங்க"ன்னு வரும்னு காத்திருந்தேன்.

வரல. தலையை மட்டும் ஆட்டினா.

"எல்லாம் சரியாத்தான் சொல்றாரு," என்றா. "கதை முடிஞ்சா போய் மோட்டாரைப் போட்டுட்டு வாங்க. வயல் காயுது."